மிச்சமாகும் நிலம்

ஏலூர் உர ஆலை தொடக்கத்தில் விறகில் ஓடியது. கொச்சியின் இடப்பள்ளிச் சந்திப்பிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் வருவது ஏலூர். பெரியாறு இரண்டாகப் பிரிந்து சுற்றி வளைத்த தீவு நிலம். திருவிதாங்கூர் திவான் சி. பி. ராமசாமி ஐயரின் முனைப்பில், திருச்சி சேஷசாயி சகோதரர்கள் 1943இல் பதிவு செய்த ஃபாக்ட் நிறுவனம் 1947இல் அங்கே அம்மோனியம் சல்பேட் செய்யத் தொடங்கியது. அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். பல நாடுகள் அதை நிலக்கரியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தன. கேரளத்தில் நிலக்கரி கிடையாது, மரம் இருந்தது. மரத்தை வெட்டி, காயவைத்து, உலையிலிட்டு வாயுவாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தார்கள். பிறகு நாப்தா வந்தது. இப்போது புதுவைப்பில் கப்பலிலிருந்து இறங்கும் இயற்கை எரிவாயு.

உலகின் பெரிய வேளாண் ஆய்வு நிலையங்களில் அரை நூற்றாண்டாக ஒரு வாதம் சொல்லப்படுகிறது. ஒரு ஏக்கரில் இரண்டு ஏக்கரின் நெல்லை எடுத்துவிட்டால் இன்னொரு ஏக்கர் மிச்சம். அதைக் காட்டுக்குக் கொடுத்துவிடலாம். காடு கரியமிலவாயுவை இழுத்துக்கொள்ளும். பூமியின் சூடு கொஞ்சம் தணியும். கேட்க நன்றாக இருக்கிறது, பெருமளவு சரியும்கூட. ஆனால் இந்தப் பக்கத்து வரலாற்றில் விளைச்சலைப் பெருக்க வந்த முதல் ஆலையே மரத்தைத் தின்றுதான் வளர்ந்தது. இதை வேடிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. விளைச்சலுக்கும் காட்டுக்கும் நடுவே நேர்க்கோடு ஒன்று போவதாக நினைப்பவர்கள் ஏலூரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகலாம்.

அந்த ஆலை ஏன் வந்தது என்பது வாதத்தின் மறுபக்கம். திருவிதாங்கூரும் கொச்சியும் தமக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கித் தின்ற நாடுகள். பர்மா அரிசிதான் அடுப்பில் வெந்தது. தென்னையும் கயிறும் மிளகும் விற்று அரிசி வாங்கலாம் என்ற கணக்கு, 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்த நாளோடு முடிந்தது. கப்பல் நின்றது. கயிறு திரித்துப் பிழைத்த சேர்த்தலைப் பக்கத்தில் மனிதர்கள் பட்டினியில் செத்தார்கள். 'அதிக உணவு பயிரிடுவோம்' என்று அரசு அறிவித்தது. உர ஆலைக்குக் கால்கோள் இட்டது ஒரு கை. மலைக்காட்டைக் குத்தகைக்குத் திறந்துவிட்டது இன்னொரு கை. கப்பைக்கிழங்கும் மலைநெல்லும் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னவுடன் பாலாவிலிருந்தும் காஞ்சிரப்பள்ளியிலிருந்தும் குடும்பங்கள் குடும்பங்களாக மேலே ஏறின. மலபாருக்குப் போனவர்களும் உண்டு. வயநாட்டின் காய்ச்சலில் அவர்கள் பட்ட பாட்டைத்தான் எஸ். கே. பொற்றெக்காட் 'விஷகன்னியகா'வில் எழுதினார்.

சமவெளியில் விளைச்சல் போதாதபோது பசி மலையேறும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. உரமே கூடாது, ஒட்டுரகமே கூடாது என்று பேசுகிற நண்பர்கள் 1942ஐப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும், பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆனால் பசிக்காக ஏறியவர்கள் பசி தீர்ந்ததும் இறங்கவில்லை. இறங்க எந்தக் காரணமும் இல்லை. 1950களின் நடுவில் பட்டம் தாணுப் பிள்ளை அரசு தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் குடியேற்றத் திட்டம் ஒன்றையே கொண்டுவந்தது. மொழிவாரி மாநிலம் பிரியப்போகிற நேரத்தில் தமிழர் நிறைந்த வட்டங்களில் நடந்த குடியேற்றம் அது. அதன் நோக்கம் நெல்லா, தலைக்கணக்கா என்ற பேச்சு கம்பம், போடிப் பக்கம் இன்னும் ஓயவில்லை. பிறகு இடுக்கி அணைக்காக அய்யப்பன்கோவில் குடியேறிகளை வெளியேற்றி, மழைக்காலத்தில் குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுபோய் விட்டார்கள். 1961 ஜூனில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் அங்கே உண்ணாநோன்பு இருந்தார். காட்டை அழித்து வந்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல அதன் பிறகு எந்தக் கட்சிக்கும் வாய் வரவில்லை. அரசே கூப்பிட்டு ஏற்றிய மனிதர்கள் அவர்கள். அந்த வாய் அடைபட்டதில் நியாயமும் இருக்கிறது.

வாதத்தின் பெரிய கணக்குகளைப் பார்க்கலாம். பசுமைப் புரட்சியின் விஞ்ஞானி நார்மன் போர்லாக் கடைசிவரை சொல்லிவந்தது இது: 1950ஆம் ஆண்டின் விளைச்சலே நீடித்திருந்தால், 2000ஆம் ஆண்டின் தானியத்தை எடுக்க நூறு கோடி ஹெக்டேருக்கும் மேல் கூடுதல் நிலம் வேண்டியிருக்கும். 2010இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதையே காற்றின் மொழியில் கணக்கிட்டார்கள். 1961 முதல் விளைச்சல் கூடியதால், 59,000 கோடி டன்வரை கரியமிலவாயுவுக்கு இணையான அளவு வளிமண்டலத்துக்குப் போகாமல் தடுக்கப்பட்டது என்றார்கள். உரம் செய்வதிலும் இடுவதிலும் எழும் வாயுக்களைக் கழித்த பிறகு மிஞ்சிய எண் அது. ஆனால் 2013இல் வேறொரு குழு கணக்குப்போட்டபோது, பசுமைப் புரட்சி விதைகளால் 1965க்கும் 2004க்கும் இடையே மிச்சமான நிலம் 1.8 கோடியிலிருந்து 2.7 கோடி ஹெக்டேர்தான் என்று வந்தது. நூறு கோடி எங்கே, இரண்டு கோடி எங்கே! முதல் கணக்கு மனிதர்கள் எந்த விலையிலும் அதே அளவு தின்பார்கள் என்று வைத்துக்கொள்கிறது. இரண்டாவது கணக்கில் விலை உண்டு. விளைச்சல் கூடாவிட்டால் விலை ஏறியிருக்கும், மக்கள் குறைவாகத் தின்றிருப்பார்கள், பட்டினியும் கிடந்திருப்பார்கள். அப்படியானால் பசுமைப் புரட்சி முதலில் மிச்சப்படுத்தியது வயிறுகளை; காடு அதற்குப் பின்னால்தான் வருகிறது. எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் காட்டின் பெயரில் விளைச்சலை விற்கிறவர்கள் இரண்டாவது எண்ணைப் பேச்சில் கொண்டுவருவது அபூர்வம்.

இந்த வாதத்தைக் கேரளம் தெரியாமலே சோதித்துப் பார்த்துவிட்டது. 1970களின் நடுவில் இங்கே நெல் விளைந்த பரப்பு ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேர். இன்று அது 2 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. பட்டாம்பியும் மங்கொம்பும் தந்த ஜோதி, உமா ரகங்களால் ஹெக்டேருக்கு ஒன்றரை டன்னாக இருந்தது மூன்று டன்னை நெருங்கியிருக்கிறது. அதைவிட முக்கியம், வெளியே நடந்தது. பஞ்சாபிலும் கோதாவரிக் கழிமுகத்திலும் தஞ்சையிலும் விளைச்சல் பெருகியது. ரேஷன் கடைக்கு அரிசி வந்தது. இடப்பள்ளியில் 2013இல் திறந்த லுலு மாலுக்குப் போனால் ஆந்திர ஜயாவும் நம்மூர்ப் பொன்னியும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. இவ்வளவு சோறு தின்கிற ஊரின் சுற்றுவட்டத்தில் நெல் வயலைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஆறரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல்லிலிருந்து விடுபட்டுவிட்டது. பாடப்புத்தகத்தில் சொன்னபடியே நிலம் மிச்சமாயிற்று.

மிச்சமான நிலம் எங்கே போயிற்று? ஒரு பகுதி தென்னைக்கும் வாழைக்கும் கமுகுக்கும். மேட்டைத் தொட்ட வயல்கள் ரப்பருக்கு. ரப்பரின் பரப்பு அந்தக் காலத்தில் இரண்டு லட்சம் ஹெக்டேர், இப்போது ஐந்தரை லட்சம். அதில் எவ்வளவு வயல், எவ்வளவு புன்செய் என்று பிரிப்பது கடினம். நகரத்தை ஒட்டிய வயலில் வளைகுடாப் பணம் செம்மண் லாரிகளாக வந்து இறங்கியது. அந்த மண் குன்றுகளை வெட்டி எடுத்தது. ஒரு வயல் காணாமல் போகும்போது ஒரு குன்றும் சேர்ந்து போனது. மழைநீரைத் தேக்கிவைத்த வயல் போனதும் வெள்ளம் வீதிக்கு வந்தது. சித்திரப்புழையையும் முட்டார்ப்புழையையும் இணைக்கிற இடப்பள்ளித் தோடு பெருமழைக்கு என்ன செய்யும் என்று அதன் கரையில் குடியிருப்பவர்களைக் கேட்டால் போதும். வயலைக் காக்க 2008இல் சட்டம் வந்தது. வயலுக்குச் சட்டம் தேவைப்பட்ட நாளிலேயே கதை பெரும்பாலும் முடிந்திருந்தது.

காட்டுக்கு ஒன்றுமே போகவில்லையா என்றால், செயற்கைக்கோளுக்கு அப்படித் தோன்றவில்லை. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி கேரளத்தில் 54.7 விழுக்காடு வனப்போர்வை. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்து விழுக்காடு இலைக்கூரை இருந்தால் அந்தக் கணக்குக்குக் காடு. ரப்பர்த் தோட்டம் காடு, தென்னந்தோப்பு காடு. அரசுப் பதிவேட்டில் காடு என்று இருப்பது முப்பது விழுக்காட்டுக்கும் குறைவு. வெப்பத்தைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர் ரப்பரும் கரியை இழுக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். இழுக்கிறதுதான், பால் வற்றியதும் மரம் வெட்டப்படுகிற நாள்வரை.

அரிசியைப் பற்றி இவ்வளவு பேசலாம், ஏனென்றால் வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு. அரிசி மலிந்தால் ஒருவன் இரண்டு பங்கு சோறு தின்னமாட்டான். அளவே இல்லாத பொருள்களில் என்ன நடக்கிறது என்று பார்க்க மறுபடி மலையேற வேண்டும்.

ஏலக்காய் காட்டுக்குள் விளைந்த பொருள். மரத்தின் பாதி நிழலில், சருகு மக்கிய ஈரத்தில்தான் பழைய ரகங்கள் நின்றன. அதனால் இடுக்கியின் ஏலமலையில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டானது: நிலம் வருவாய்த் துறையின் பொறுப்பு, அதில் நிற்கிற மரம் வனத்துறையின் பொறுப்பு. பயிரும் காடும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்று நம்பிய காலத்தின் ஏற்பாடு. 1897இல் திருவிதாங்கூர் வெளியிட்ட அறிவிக்கையில் காப்புக்காடாகச் சொல்லப்பட்டது 15,720 ஏக்கரா 2,15,720 ஏக்கரா என்ற ஒற்றை இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 2024 அக்டோபரில் புதிய பட்டா எதுவும் கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

இதற்கிடையில் செடி மாறிவிட்டது. இடுக்கியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து உருவாக்கிய ஞள்ளானி என்ற ரகம் மலை முழுக்கப் பரவியது. எந்த ஆய்வு நிலையமும் செய்யாத வேலை. அந்த மனிதரின் கண்ணுக்கு வணக்கம் சொல்லத்தான் வேண்டும். 1980களில் ஹெக்டேருக்கு நூறு கிலோவைத் தொடாத நாட்டுச் சராசரி பல மடங்கு ஏறியது. போர்லாக்கின் கணக்குப்படி பாதி மலை காட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

கம்பத்திலிருந்து அன்றாடம் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மேட்டைத் தாண்டிக் காயெடுக்கப் போகிற பெண்களில் ஒருவர் எனக்கு ஒரே வரியில் சொன்னார்: "மரத்த விட்டா வெயிலு எறங்காதுண்ணே, வெயிலு எறங்கலன்னா சரம் நீளாது." ஞள்ளானிக்குப் பழைய செடியைவிட வெளிச்சம் அதிகம் வேண்டும். ஆண்டுதோறும் மழைக்கு முன் நிழல்மரங்களின் கிளையைக் கழிக்கிறார்கள். கழித்துக் கழித்து மரம் கொடிக்கம்பமாக நிற்கிறது. உரமும் மருந்தும் அதற்கேற்பக் கூடின. புற்றடிச் சந்தையில் 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட வாரத்தில், ஒரு கிளையை விட்டுவைக்கலாம் என்று தோட்டக்காரரிடம் யார் போய்ச் சொல்வது? காட்டின் எல்லைக்கோடு அப்படியே இருந்தது, காடு உள்ளிருந்து மெலிந்தது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நாட்டில் ஏலம் விளையும் பரப்பு குறைந்திருக்கிறது. 1980களின் இறுதியில் ஒரு லட்சம் ஹெக்டேரை ஒட்டி இருந்தது, இப்போது எழுபதாயிரத்தை ஒட்டி. ஆனால் ஏலம் விட்ட இடத்தைக் காப்பியும் மிளகும் தேயிலையும் கடைத்தெருவும் விடுதிகளும் எடுத்துக்கொண்டன. நிலத்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள் எப்போதும் உண்டு. அந்த வரிசையில் காடு கடைசி ஆள், அதன் கையில் காசும் இல்லை.

இடப்பள்ளிக்காரரான சங்ஙம்புழை கிருஷ்ண பிள்ளையின் 'வாழக்குலை'யை மலையாளப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். புலையன் ஒருவன் குடிசை முற்றத்தில் வாழை வைக்கிறான், குழந்தைகள் குலை பழுக்கக் காத்திருக்கிறார்கள், குலை தம்புரான் வீட்டுக்குப் போகிறது. அந்தக் கவிதையைச் சாதியின் கவிதையாகவே வாசித்திருக்கிறோம், சரிதான். நிலப்பயன்பாட்டு அறிக்கைகளைப் படித்த பிறகு எனக்கு இன்னொன்றும் படுகிறது. வாழை இரண்டு குலை தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டும் தம்புரான் வீட்டுக்குப் போயிருக்கும். கூடுதல் விளைச்சல் எந்த வாசலுக்குப் போகும் என்பது ஆவணத்தில் எழுதியிருக்கிறது, விதையில் எழுதியிருப்பதில்லை. மிச்சமாகும் நிலமும் அப்படித்தான். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2011இல் கானாவிலும் வட இந்தியாவிலும் பறவைகளையும் மரங்களையும் எண்ணிப் பார்த்து, குறைந்த நிலத்தில் நிறைய விளைவித்து மீதியைக் காடாக விடுவதே பெரும்பாலான உயிரினங்களுக்கு நல்லது என்றார்கள். எண்ணிக்கையில் தவறு காண எனக்குத் தகுதியில்லை. 'மீதியைக் காடாக விடுவது' என்பதைச் செய்யப்போவது யார் என்பது பறவைகளை எண்ணுகிறவர்களின் வேலையும் அல்ல.

இடப்பள்ளியிலிருந்து மேற்கே சேரானல்லூர் தாண்டி வராப்புழை, கடமக்குடி பக்கம் போனால் இந்த வாதம் இன்னும் சங்கடப்படும். பொக்காளி வயல்கள் அங்கே இருக்கின்றன. கடல் ஏறி இறங்குகிற நிலம். ஜூனில் இடவப்பாதி மழை உப்பைக் கழுவிக் கொண்டுபோன பிறகு, மண்ணைக் குவித்துச் செய்த மேடுகளில் முளைத்த நாற்றைக் கலைத்து விடுகிறார்கள். உரம் கிடையாது, மருந்து கிடையாது. அக்டோபர் வாக்கில் இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் அறுக்கிறார்கள். பிறகு தூம்பைத் திறந்தால் உப்புநீரோடு இறால் குஞ்சு உள்ளே வரும், தாள் மக்கி அதற்குத் தீனியாகும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு. ஹெக்டேருக்கு ஒன்றரை டன் தேறினால் பெரிது. விளைச்சல் வாதத்தின் தராசில் இது வீணான நிலம். நெல்லை வேறெங்காவது விளைத்துக்கொண்டு, இங்கே அலையாத்தி வளரவிடலாம் என்று தாளில் எழுதிவிடலாம்.

நடந்தது வேறு. நெல் கட்டுப்படியாகாமல் போனதும் சிலர் ஆண்டு முழுவதும் உப்புநீரைத் தேக்கி இறால் மட்டுமே வளர்க்கிறார்கள்; பக்கத்து வயல்காரர் நெல் போட நினைத்தாலும் உப்பு இறங்குவதில்லை. வல்லார்பாடத்துக்குப் போகும் கன்டெய்னர் சாலை வயல்களின் நடுவே ஓடுகிறது. 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதனால் நாற்றுக் கலைக்க ஆள் கிடைத்துவிடவில்லை. இன்னொரு பக்கம், 1958இல் தொடங்கிய வைற்றிலா நெல் ஆராய்ச்சி நிலையம் இந்த நெல்லிலிருந்து ரகம் ரகமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பொக்காளியின் முதலாம் நிறப்புரியில் உப்பைத் தாங்கும் பகுதியைக் கண்டுபிடித்து, சால்டால் என்று பெயரிட்டு, ஆசியாவின் உப்பேறிய கழிமுகங்களுக்கான ரகங்களில் ஏற்றியது. தன் வயலில் ஒன்றரை டன்னுக்குத் திணறும் நெல் மற்றவர்களின் வயலில் விளைச்சலைக் கூட்டுகிறது. கடல்மட்டம் ஏறப்போகிற நூற்றாண்டில் இதைவிட உபயோகமான நிலம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அதன் உபயோகம் டன் கணக்கில் வராது.

கேரளத்தில் விளைநிலம் உண்மையாகவே காட்டுக்குத் திரும்பிய இடம் ஒன்று உண்டு, வயநாடு சரணாலயத்தின் உள்ளே. குறிச்சியாடு போன்ற வனக் குடியிருப்புகளில் நெல் போட்டுவந்த குடும்பங்கள் தாமாகவே கேட்டு வெளியேறின. விளைச்சல் பெருகி அல்ல. யானையும் பன்றியும் கதிரை விட்டுவைக்காமல், பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எட்டாமல், சலித்துப்போய். பிறகு மாநில அரசு நவகிரணம் என்ற திட்டத்தில் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்து நிலத்தை வாங்கிக்கொள்கிறது. நில உரிமைத்தாள் இல்லாத பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிகளுக்கு அந்தப் பணத்தில் வெளியே என்ன கிடைத்தது என்பது தனியே எழுத வேண்டிய கதை.

காலியான வயல்களில் புல் ஏறியிருக்கிறது, மான் மேய்கிறது. அதற்கு மேலே, மேட்டில், காட்டுக்குள் மஞ்சள் கொன்றை வந்துவிட்டது. அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். 1980களில் சமூகக் காடு வளர்ப்பின் பேரில் நிழலுக்கும் அழகுக்கும் வனத்துறையே கொண்டுவந்து நட்டது; இன்று 344 சதுர கிலோமீட்டர் சரணாலயத்தில் கணிசமான பரப்பைப் பிடித்துவிட்டது. அதன் அடியில் புல் முளைக்காது, வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை வெடிக்கும். வேரோடு பிடுங்க வேண்டும், அல்லது பட்டையை உரித்து நின்றபடியே சாகவிட வேண்டும். பிறகும் விதை முளைக்க முளைக்கப் பல ஆண்டுகள் ஆள் விட்டுக் களைய வேண்டும். அந்தக் கூலியை, ஹெக்டேருக்கு இவ்வளவு டன் கரி மிச்சம் என்று சொல்லும் எந்த அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை.